பெயரும் பெயர்ப்பும்: போஸ்ட்கிரெஸ்கியூஎல் பதிப்புயர்வுக் கருவியின் பெயரிடலும் வளர்ச்சியும் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் திறந்த மூலத் தரவுத்தள மென்பொருளின் ஒரு பெரும்பதிப்பிலிருந்து அடுத்த பெரும்பதிப்புக்குத் தரவைக் கொண்டுசெல்லும் கருவி இன்று ‘பிஜி_அப்கிரேடு’ என வழங்குகிறது. இதன் முந்தைய பெயர் ‘பிஜி_மைக்ரேட்டர்’. 2010ஆம் ஆண்டில் நிகழ்ந்த இப்பெயர் மாற்றத்தை, இடுகுறி, காரணம் என்னும் தமிழ் இலக்கணப் பெயர்ப் பாகுபாட்டின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. முதற்பெயர் கருவியின் செயலைச் சுட்டியது. பின்னைய பெயர் பயனரின் நோக்கத்தைச் சுட்டுகிறது. இந்நகர்வால் கிடைத்த பயனும் மறைந்துபோன உண்மையும் மதிப்பிடப்படுகின்றன. தமிழ்ச் சொற்றொகுதிகளையும் சுவடிப் பட்டியல்களையும் தரவுத்தளங்களில் பேணுவோர்க்கு, ஆங்கிலத்தில் கைவிடப்பட்ட பெயரின் பொருளே பொருத்தமான கலைச்சொல்லைத் தரும் என்பது கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்

பெயரிடல், காரணப்பெயர், கலைச்சொல்லாக்கம், தரவுத்தளம், பதிப்புப் பெயர்ப்பு, அகரவரிசை, போஸ்ட்கிரெஸ்கியூஎல்.

முன்னுரை

மென்பொருள் கருவிகளின் பெயர்கள் இலக்கிய ஆய்வாளரின் கவனத்துக்கு உரியவையா என்னும் ஐயம் எழக்கூடும். அகராதிகளும் சொல்லடைவுகளும் சுவடி விளக்கப் பட்டியல்களும் அச்சு நூல்களாக மட்டுமே இருந்த காலத்தில் இவ்வையம் நியாயமானதாக இருந்திருக்கும். இன்று அவற்றுள் பல தரவுத்தளங்களில் வாழ்கின்றன. ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் அத்தரவுத்தளங்களை இயக்கும் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. ஏனெனில் போஸ்ட்கிரெஸ்கியூஎல் குழுவினர் ஒரு பெரும்பதிப்புக்கு ஐந்தாண்டுகளே பிழைதிருத்த ஆதரவு தருகின்றனர். அம்மாற்றத்தைச் செய்பவர் பெரும்பாலும் தமிழ்த்துறையைச் சார்ந்த ஒருவராகவோ, அவருக்கு உதவும் கணினிப் பயிற்சி பெற்ற மாணவராகவோ இருப்பார். அவர் முதலில் படிப்பது கருவியின் பெயரை. கையேட்டைப் பிறகுதான் படிக்கிறார். சில வேளைகளில் படிப்பதே இல்லை.

நன்னூலார் பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுத்தார். அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காரண இடுகுறி என்னும் நிலையையும் உரையாசிரியர்கள் பேசினர். நான்கு கால்கள் இருப்பதால் நாற்காலி என்கிறோம். கட்டிலுக்கும் நான்கு கால்கள் உண்டு, ஆயினும் அதனை நாற்காலி என்பதில்லை. காரணம் பெயரைப் பிறப்பிக்கிறது, பெயரின் எல்லையை வழக்கே வகுக்கிறது. மென்பொருள் கருவிகளின் பெயர்கள் பெரும்பாலும் காரணப்பெயர்களே. ஆயினும் எந்தக் காரணத்தைப் பற்றிக்கொண்டு பெயர் பிறந்தது என்னும் வினா அவற்றுக்கும் உண்டு. ஒரு கருவியை அதன் செயலாலும் பெயரிடலாம். அதனால் விளையும் பயனாலும் பெயரிடலாம். பிஜி_மைக்ரேட்டர் முதல் வகை. பிஜி_அப்கிரேடு இரண்டாம் வகை.

பெயரால் வளர்ந்த மென்பொருள்

போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் பெயரே ஒரு பெயர் மாற்றத்தின் விளைவு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986இல் தொடங்கிய ஆய்வுத் திட்டம் ‘போஸ்ட்கிரெஸ்’ எனப்பட்டது. முன்பு அங்கே உருவான ‘இன்கிரெஸ்’ தரவுத்தளத்துக்குப் பிந்தியது என்பது பொருள். ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் ஆகியோர் எஸ்கியூஎல் மொழியை அதில் இணைத்தபோது அது ‘போஸ்ட்கிரெஸ்95’ ஆயிற்று. ஆண்டைப் பெயரில் சுமந்த மென்பொருள் அடுத்த ஆண்டே பழமையாகிவிடும். 1996இல் இன்றைய பெயர் வந்தது. பெயர் மாறியபோது பதிப்பெண்ணும் மாறியது. பெர்க்லியில் தொடங்கிய வரிசையோடு தொடர்ச்சி தோன்றுமாறு எண்ணிக்கை 6.0 எனத் தொடர்ந்தது. பெயர் மாறினாலும் மரபு அறாது என்பதை எண்ணால் உணர்த்திய செயல் இது.

இப்பெயரை எப்படி ஒலிப்பது என்பது இன்றும் பலர்க்கு இடர் தருகிறது. பேச்சில் பெரும்பாலோர் ‘போஸ்ட்கிரெஸ்’ என்றே சுருக்குகின்றனர். இக்கட்டுரையும் இனி அவ்வாறே குறிக்கும்.

படியெடுத்தலும் பட்டியல் மாற்றமும்

பெயர்களை மதிப்பிடுமுன் கருவி செய்யும் வேலையைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு பெரும்பதிப்பிலும் உள்ளமைப்பு ஓரளவு மாறும். பழைய பதிப்பு எழுதிய கோப்புகளைப் புதிய பதிப்பு நேரடியாகத் திறவாது. நெடுங்காலமாக இதற்கு ஒரே வழி இருந்தது: தரவு முழுவதையும் எஸ்கியூஎல் கட்டளைகளாக வெளியே எழுதி, புதிய பதிப்பில் மீண்டும் உள்ளிடுதல். ஏட்டுச்சுவடி ஒன்றைப் புதிய ஓலையில் முதலிலிருந்து இறுதிவரை படியெடுப்பதற்கு இது நிகர். பாதுகாப்பான முறைதான்; படியெடுக்கும்போது பழைய ஓலையின் அரிப்புகள் புதிய ஓலைக்கு வருவதில்லை. ஆனால் தரவு பெருகப் பெருகக் காலமும் பெருகும். பெரிய தரவுத்தளம் மணிக்கணக்கில், சில இடங்களில் நாட்கணக்கில், மூடப்பட்டிருக்க நேர்ந்தது.

பிஜி_அப்கிரேடு வேறொரு உண்மையைப் பற்றிக்கொண்டது. பதிப்புக்குப் பதிப்பு மாறுவது பெரும்பாலும் கேட்டலாக் அட்டவணைகளே. அதாவது, எந்த அட்டவணை எந்தக் கோப்பில் உள்ளது, அதில் என்னென்ன நெடுவரிசைகள் உள்ளன என்று சொல்லும் உள்பட்டியல். பயனரின் தரவு வட்டில் எழுதப்படும் வடிவம் அரிதாகவே மாறுகிறது. எனவே நூலகத்தின் நூற்பட்டியலை மட்டும் புதிய முறையில் எழுதிவிட்டு, அலமாரியிலுள்ள நூல்களை அவ்வாறே புதிய கட்டடத்துக்குக் கொண்டுசெல்லலாம். கருவி முதலில் அட்டவணைகளின் அமைப்பை மட்டும் பழைய பதிப்பிலிருந்து எடுத்துப் புதிய பதிப்பில் நிறுவுகிறது. பிறகு தரவுக் கோப்புகளைப் படியாக்குகிறது, அல்லது ‘லிங்க்’ முறையில் அதே கோப்புக்கு இரண்டாவது பெயரை இட்டுவைக்கிறது.

இங்கே இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, புதிய தரவுத்தளம் தனியே உருவாக்கப்படுகிறது. பழையது தன் இடத்திலேயே இருக்கிறது. இரண்டு, பயனரின் தரவில் ஓர் எழுத்தும் திருத்தப்படுவதில்லை. ‘உயர்த்துதல்’ என்னும் சொல் இவ்விரண்டில் எதனையும் சொல்லவில்லை. ‘இடம்பெயர்த்தல்’ இரண்டையும் ஓரளவு சொல்கிறது.

பெயரின் முதல் வாழ்வு

பிஜி_அப்கிரேடு என்னும் பெயர் 2010இல் புதிதாகப் பிறந்ததன்று. 1990களின் இறுதியில், 6.x பதிப்புகளின் காலத்தில், இதே பெயரில் ஒரு சிறு ஷெல் நிரல் இருந்தது. அதன் எளிமையே அதன் வரம்பாயிற்று. 6.5 பதிப்பில் அட்டவணைகளின் வட்டு வடிவம் மாறியபோது அதனைப் பயன்படுத்த இயலாது என்று வெளியீட்டுக் குறிப்பே அறிவித்தது. 2000ஆம் ஆண்டில் வந்த 7.0 பதிப்பில் 6.5இலிருந்து வருவோர் அதனைப் பயன்படுத்தலாம் என்று அனுமதி தந்த அக்குறிப்பு, முழுமையாக வெளியெடுத்து உள்ளிடுவதே உறுதியான வழி என்னும் எச்சரிக்கையையும் உடன்வைத்தது. தன் கருவியையே நம்பாதே என்று ஆக்கியோர் சொல்வது போன்றது அது. 7.x பதிப்புகளின் போக்கில் அந்நிரல் வழக்கொழிந்தது.

ஆகவே பிற்காலத்தில் மீண்டும் அப்பெயரைச் சூட்டியது ஒரு மறுபிறப்பு. ஒருமுறை பொய்த்த பெயரை மறுபடி வைப்பதற்குத் துணிவு வேண்டும். இத்துணிவுக்கு இடைப்பட்ட காலத்து உழைப்பே காரணம்.

இடைக்காலப் பெயரும் அதன் நேர்மையும்

பிஜி_மைக்ரேட்டர் எண்டர்பிரைஸ்டிபி நிறுவனத்தில் தொடங்கி, போஸ்ட்கிரெஸின் மையத் தொகுப்புக்கு வெளியே தனித்திட்டமாக வளர்ந்தது. 2009இல் 8.4 பதிப்பு வெளியான காலத்தில் புரூஸ் மோம்ஜியன் அதனை ஏற்று, 8.3இலிருந்து 8.4க்கு மாறுவோர்க்குப் பயன்படும்படி ஆக்கினார்.

அக்காலத்துக் கருவியின் குறைகள் பல. அவற்றுள் ஒன்று பெயரிடல் ஆய்வுக்கு நேரடியாகப் பொருந்துவது. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு தரவு வகைக்கும் உள்ளே ஓர் அடையாள எண்ணை இடுகிறது. பயனர் தாமே ஒரு வகையை ஆக்கினால், எடுத்துக்காட்டாக உயர்திணை, அஃறிணை என்னும் இரு மதிப்புகளை மட்டும் ஏற்கும் ‘திணை’ என்னும் வகையை ஆக்கினால், அட்டவணையின் வரிகளில் ‘உயர்திணை’ என்னும் சொல் எழுதப்படுவதில்லை. அதற்குரிய எண்ணே எழுதப்படுகிறது. பட்டியல் புதிதாக எழுதப்படும்போது அவ்வெண் மாறிவிட்டால், தரவு அப்படியே இருந்தும் பொருள் போய்விடும். அலமாரியில் நூல் இருக்கிறது, அதிலுள்ள மேற்கோள் குறிப்புகள் சுட்டும் எண்கள் மட்டும் வேறு நூல்களுக்கு உரியனவாகிவிட்டன என்று கொள்ளலாம். வெளியிலிருந்த பிஜி_மைக்ரேட்டருக்கு இவ்வெண்களை நிலைநிறுத்தும் ஆற்றல் இல்லை. எனவே அத்தகைய வகைகளைக் கொண்ட அட்டவணைகளை அது ஏற்க மறுத்தது.

இம்மறுப்பு பாராட்டத்தக்கது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. இயலாததைச் செய்ய முயன்று கெடுப்பதினும், வாயிலிலேயே நிறுத்துவது நன்று. 8.4 பதிப்பில் நாள், நேர மதிப்புகள் முழு எண்ணாகச் சேமிக்கப்படுவது இயல்பாக்கப்பட்டபோதும் இதே நேர்மை வேண்டப்பட்டது: பழையதும் புதியதும் ஒரே முறையில் கட்டமைக்கப்பட்டிருந்தால் மட்டுமே பெயர்ப்பு நடக்கும்.

அடையாள எண் சிக்கலுக்குத் தீர்வு தரவுத்தளச் சேவையகத்தின் உள்ளேதான் இருந்தது. ‘இவ்வகைக்கு இவ்வெண்ணையே இடுக’ என்று கட்டளையிடும் வசதி 9.0 பதிப்பின் சேவையகத்தில் சேர்க்கப்பட்டது. வெளியிலுள்ள ஒரு கருவிக்காக உள்ளகம் வளைந்துகொடுத்தது என்பது சிறிய செய்தியன்று. அதன் பிறகு கருவியை வெளியே நிறுத்திவைக்கக் காரணமும் இல்லை.

பெயர் மாறியபோது மாறியவை

2010 மே மாதம், 9.0 பதிப்பின் முதற் பீட்டா வெளிவந்த பின், இரண்டாம் பீட்டாவில் இடம்பெறும் வகையில் கருவி மூலநிரலின் ‘கான்ட்ரிப்’ பகுதியில் சேர்க்கப்பட்டது. சேர்க்கப்பட்டபோது பிஜி_அப்கிரேடு என்னும் பெயரோடு சேர்ந்தது. கையேட்டின் முதல் வரிகளில் முன்னைய பெயர் இன்றும் நினைவுகூரப்படுகிறது. அவ்வாண்டு செப்டம்பர் 20ஆம் நாள் 9.0 வெளியாயிற்று. ‘கான்ட்ரிப்’ என்பது வீட்டின் திண்ணை போன்றது. குடும்பத்தினரும் அங்கே அமரலாம், வந்தவரும் அமரலாம். 9.5 பதிப்பில்தான் கருவி திண்ணையைக் கடந்து முதன்மைக் கருவிகளின் அறைக்குள் வந்தது.

புதிய பெயரால் விளைந்த நன்மைகளை மறுப்பதற்கில்லை. பயனர் தம் நோக்கத்தைச் சொல்லித்தான் தேடுவர். ‘என் தரவுத்தளத்தைப் புதிய பதிப்புக்கு உயர்த்த வேண்டும்’ என்பவர்க்கு அப்கிரேடு என்னும் சொல் உடனே கிட்டும். மைக்ரேட்டர் என்னும் சொல்லோ வேறொரு தரவுத்தளத்திலிருந்து, எடுத்துக்காட்டாக ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு வருவதற்கான கருவி என்னும் மயக்கத்தைத் தரும். இம்மயக்கம் மெய்யானது, தரவுத்தளத் துறையில் ‘மைக்ரேஷன்’ என்பது அப்பொருளில்தான் மிகுதியும் வழங்குகிறது. மேலும், அப்கிரேடு என்னும் சொல் திசையை உணர்த்துகிறது. கருவி மேல்நோக்கி மட்டுமே செல்லும். புதிய பதிப்பிலிருந்து பழைய பதிப்புக்கு இறங்க அது உதவாது. இடம்பெயர்த்தல் என்னும் சொல்லில் இத்திசை இல்லை. இவ்விரு காரணங்களாலும் ஆங்கிலத்தில் நிகழ்ந்த மாற்றம் சரியானதே.

இருந்தும் ஒரு சொல் தன் துறையில் ஒரே பொருளைத் தருகிறதா என்று பார்த்தால் ஏமாற்றமே எஞ்சும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ‘மைஎஸ்கியூஎல்_அப்கிரேடு’ என்றொரு கருவி இருந்தது. அது தரவைக் கொண்டுசெல்லவில்லை. புதிய நிரல் நிறுவப்பட்ட பின் அதே இடத்திலுள்ள அமைப்பு அட்டவணைகளைச் சரிபார்த்துத் திருத்தியது. 2019இல் 8.0.16 பதிப்பில் அவ்வேலையைச் சேவையகமே ஏற்றுக்கொண்டது. அதனைப் பழகியவர் போஸ்ட்கிரெஸுக்கு வந்து, முதலில் நிரலை மாற்றிவிட்டுப் பிறகு பிஜி_அப்கிரேடை இயக்கலாம் என எண்ணினால் தடுமாறுவார். இங்கே பழைய நிரலும் புதிய நிரலும் ஒரே கணினியில் ஒருங்கே இருத்தல் வேண்டும். டெபியன் இயங்குதளத்தில் ‘பிஜி_அப்கிரேடுகிளஸ்டர்’ என்று மற்றொரு கருவி உண்டு. அதற்குப் பல முறைகள். அவற்றுள் ஒன்று முழுத்தரவையும் வெளியெடுத்து உள்ளிடும் பழைய முறை, இன்னொன்றின் பெயர் ‘அப்கிரேடு’. அப்கிரேடு செய்யும் கருவிக்குள் அப்கிரேடு என்பது ஒரு விருப்பத் தெரிவு! காரணப்பெயர் பொதுப்பெயராகி, பிறகு சிறப்புப்பெயராகி, மீண்டும் பொதுவில் கரைந்த நிலை இது.

பெயரைக் கடந்து வந்த பிழை

2011 ஏப்ரலில் வெளியான 9.0.4 பதிப்பின் குறிப்புகளில் ஒரு பெரும்பிழையின் திருத்தம் இடம்பெற்றது. பிஜி_மைக்ரேட்டராக இருந்தபோதே கருவிக்குள் இருந்து, பெயர் மாறிய பின்னும் தொடர்ந்த பிழை அது.

போஸ்ட்கிரெஸில் ஒரு வரியில் அடங்காத நீண்ட மதிப்புகள் ‘டோஸ்ட்’ எனப்படும் துணை அட்டவணையில் சேமிக்கப்படும். அகராதியின் சிறு சொல் முதன்மை அட்டவணையிலும், அதற்குரிய நெடிய விளக்கவுரை டோஸ்டிலும் இருக்கும் எனலாம். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஓர் எண் உண்டு. எந்த எண்ணுக்கு முந்தையவை இனி ஐயத்துக்கு இடமின்றி நிலைத்துவிட்டன என்னும் குறிப்பும் ஒவ்வோர் அட்டவணைக்கும் உண்டு. கருவி முதன்மை அட்டவணைகளின் இக்குறிப்பைச் சரியாகக் கொண்டுசென்றது. டோஸ்ட் அட்டவணைகளுக்கு உரியதைச் சரியாகக் கொண்டுசெல்லவில்லை. அதனால் பின்னொரு நாளில் சேவையகம், பழைய பரிமாற்றப் பதிவேடுகள் இனித் தேவையில்லை என்று கருதி அழித்துவிடக்கூடும். அதன் பிறகு நீண்ட விளக்கவுரையைப் படிக்க முயன்றால், பரிமாற்றத்தின் நிலையை அறிய இயலவில்லை என்னும் பிழைச்செய்தியே கிடைக்கும்.

இப்பிழையின் கொடுமை அதன் காலத்தாழ்வில் இருக்கிறது. கருவி வேலையை முடித்து வெற்றி என அறிவித்த அன்று யாதொரு குறையும் தோன்றாது. நாட்கள் பல கழிந்தபின், பழைய தரவுத்தளத்தை அழித்துவிட்ட பின், குறை வெளிப்படும். ‘உயர்த்திவிட்டோம்’ என்னும் சொல் முடிந்த செயலைக் குறிக்கிறது. அது கேட்போரை அமைதிப்படுத்துகிறது. ‘இடம் மாற்றினோம்’ என்பவர் வந்த பொருள்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்பார். பெயரால் பிழை நேரவில்லை என்பது உண்மையே. பிழையைத் தேடும் மனநிலையைப் பெயர் குறைத்திருக்கக்கூடும் என்பதே இங்குச் சொல்லப்படுவது.

இதனை மிகைக் கருத்து என ஒதுக்குவோர் போஸ்ட்கிரெஸின் மற்றொரு பெயர் மாற்றத்தைக் கருதுக. மேற்சொன்ன பரிமாற்றப் பதிவேடு இருந்த கோப்புறையின் பெயர் ‘பிஜி_சிலாக்’. மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் பதிவேட்டின் பெயர் ‘பிஜி_எக்ஸ்லாக்’. இரண்டிலும் ‘லாக்’ என்னும் சொல் இருந்தது. லாக் என்றால் நாளடைவில் நீக்கத்தக்க நிகழ்வுக் குறிப்பு எனக் கருதிய நிர்வாகிகள், வட்டில் இடம் போதாதபோது அவற்றை அழித்துத் தம் தரவுத்தளத்தையே இழந்தனர். 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் அவை பிஜி_எக்ஸ்ஆக்ட், பிஜி_வால் எனப் பெயர் மாற்றப்பட்டன. அப்பெயர்களை நம்பி எழுதப்பட்டிருந்த எண்ணற்ற துணைநிரல்கள் பழுதாகும் என்று அறிந்தே செய்த மாற்றம் அது. பெயர் தரவை அழிக்கும் என்பதை ஆக்கியோரே ஒப்புக்கொண்டதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அகரவரிசை என்னும் இடர்

தமிழ்த் தரவைப் பேணுவோர்க்கு நேரடியாக உரிய இடர் ஒன்று உண்டு. தரவுத்தளத்தில் இன்டெக்ஸ் என்பது சொல்லடைவு போன்றது. சொற்களை ஒரு வரிசையில் அடுக்கி வைத்துக்கொண்டு, தேடும் சொல் எந்தப் பாதியில் இருக்கும் என்று பாதி பாதியாகக் குறைத்துத் தேடும். வரிசை எது என்பதைப் பல நிறுவல்களில் இயங்குதளத்தின் நூலகமே முடிவு செய்கிறது. லினக்ஸ் இயங்குதளங்களின் ‘ஜிலிப்சி’ நூலகம் 2018 ஆகஸ்டில் வெளியான 2.28 பதிப்பில் தன் வரிசை விதிகளைப் பெருமளவு மாற்றியது. பழைய விதிப்படி அடுக்கிய சொல்லடைவைப் புதிய விதிப்படி தேடினால், உள்ள சொல்லை இல்லை என்று தரவுத்தளம் சொல்லக்கூடும். இரட்டிப்பு கூடாது என்று விதித்த இடத்தில் அதே சொல் இருமுறை ஏறவும் கூடும்.

முழுமையாகப் படியெடுக்கும் பழைய முறையில் இவ்விடர் இல்லை. இன்டெக்ஸ்கள் புதிய இடத்தில் புதிதாகக் கட்டப்படும். பிஜி_அப்கிரேடு இன்டெக்ஸ் கோப்புகளையும் அப்படியே கொண்டுசெல்கிறது. பழைய கணினியின் தரவுக் கோப்புறையைப் புதிய இயங்குதளம் கொண்ட கணினிக்கு நகர்த்தி, அங்கே கருவியை இயக்குவோர் இவ்வலையில் சிக்குவர். முன்னைய பதிப்புகளில் கருவி முன்சோதனையில் மொழிச்சூழலின் பெயர் ஒன்றா என்று பார்த்தது. பெயர் ஒன்றாக இருந்து அதன் உட்பொருள் மாறியிருப்பதை அச்சோதனை காட்டவில்லை. பெயரும் பொருளும் பிரிந்துபோன இடம் இது.

இதற்கு அஞ்சி, எழுத்துகளைக் குறியெண் வரிசையிலேயே அடுக்கும் ‘சி’ முறையை நாடுவோர் உள்ளனர். அது மாறாதது, எனவே பாதுகாப்பானது. ஆனால் தமிழுக்கு முறையற்றது. யூனிகோடு குறியெண்களின்படி ‘ந’வை அடுத்து ‘ன’ வரும். ‘ர’வை அடுத்து ‘ற’ வரும். ‘வ’வுக்கு முன்பே ‘ள’வும் ‘ழ’வும் வந்துவிடும். புள்ளி பெற்ற மெய், உயிர்மெய்களுக்குப் பின்னே தள்ளப்படும். எந்தத் தமிழ் அகராதியும் இவ்வாறு அடுக்கப்படுவதில்லை. 10ஆம் பதிப்பு முதல் ‘ஐசியூ’ நூலகத்தின் வழி வரிசையைத் தெரிவுசெய்யும் வசதி வந்துள்ளது. அந்நூலகத்தின் எப்பதிப்பைக் கொண்டு அடுக்கப்பட்டது என்பதையும் போஸ்ட்கிரெஸ் குறித்து வைத்து, மாற்றம் நேர்ந்தால் எச்சரிக்கிறது. அவ்வாறு எச்சரிக்கை கண்டவர் இன்டெக்ஸ்களை மறுபடி கட்ட வேண்டும். எச்சரிக்கை வராத பழைய நிறுவல்களில், பெயர்ப்பு முடிந்ததும் எழுத்துவகை இன்டெக்ஸ்கள் அனைத்தையும் மறுகட்டுதல் செலவில்லாத காப்பு என்பது இக்கட்டுரையாளரின் பரிந்துரை. தமிழ்ச் சொற்றொகுதிகள் பெரும்பாலும் அத்துணைப் பெரியவை அல்ல. மறுகட்டுதலுக்கு நேரம் மிகுதியாக வேண்டுவதில்லை.

அண்மைய பதிப்புகளின் திருத்தங்கள் பலவும் இவ்வாறு பெயரால் மறைந்த வேலைகளை வெளிக்கொணர்ந்தவையே. பெயர்ப்புக்குப் பின் வினவல் திட்டமிடலுக்கான புள்ளிவிவரங்களைப் பயனரே மறுபடி திரட்ட வேண்டியிருந்தது. அதனை மறந்தவர்கள் புதிய பதிப்பு பழையதினும் மெதுவாக இயங்குவதாகக் குறைகூறினர். 2025இல் வந்த 18ஆம் பதிப்பிலிருந்து பெரும்பாலான புள்ளிவிவரங்களைக் கருவியே உடன்கொண்டு செல்கிறது. அதே பதிப்பில் தரவுப் பக்கங்களின் சரிபார்ப்புத் தொகை இயல்பாக இயக்கப்படுகிறது. பழைய தரவுத்தளத்தில் அது இல்லையெனில், புதியதையும் அஃதில்லாமலே நிறுவினாலன்றிப் பெயர்ப்பு நடவாது. மேலும், 15ஆம் பதிப்பு முதல் கருவி 9.2க்கு முந்தைய பதிப்புகளை ஏற்பதில்லை. 8.4இல் உறங்கும் சுவடிப் பட்டியல் ஒன்றை எழுப்ப விரும்புவோர் இடையில் ஒரு பதிப்பில் தங்கிச் செல்லவோ, பழைய வழியில் முழுமையாகப் படியெடுக்கவோ வேண்டும்.

தமிழில் பெயர்

தமிழ்க் கணினி வழக்கில் ‘அப்டேட்’ என்பதற்குப் புதுப்பித்தல், இற்றைப்படுத்தல் என்பனவும், ‘அப்கிரேடு’ என்பதற்கு மேம்படுத்தல், தரமுயர்த்தல் என்பனவும் வழங்குகின்றன. ‘மேம்படுத்தல்’ என்பது ‘டெவலப்’ என்னும் சொல்லுக்கும், ‘இம்ப்ரூவ்’ என்னும் சொல்லுக்கும் உரியதாகவும் ஆளப்படுகிறது. மூன்று வேலைகளைச் சுமக்கும் சொல் மூன்றையும் தெளிவாகச் செய்வதில்லை. அதனினும் பெரிய குறை, அச்சொல்லில் உள்ள மதிப்பீடு. தரவுத்தளம் மேம்படுகிறது என்றால் தரவு செம்மையுற்றது எனக் கேட்போர் கொள்வர். பிழைபட்ட பாடம் ஒன்று சுவடிப் பட்டியலில் இருந்தால், பெயர்ப்புக்குப் பின்னும் அது அதே பிழையோடு இருக்கும். ஆங்கிலத்தில் ‘அப்கிரேடு’ என்பது வழக்கில் தேய்ந்து, வெறும் பதிப்பு மாற்றம் என்னும் அளவுக்கு வந்துவிட்டது. தமிழில் ‘மேம்பாடு’ இன்னும் தேயவில்லை. அதன் காரணப்பொருள் உயிரோடு இருக்கிறது.

தமிழுக்கு இங்கே ஒரு வாய்ப்பு உண்டு. ‘பெயர்’ என்னும் அடி, இடம் விட்டு நகர்தலைக் குறிக்கும் வினையாகவும் நிற்கிறது. மொழிபெயர்ப்பு, இடப்பெயர்ச்சி முதலிய சொற்களில் அவ்வினை வாழ்கிறது. மொழிபெயர்ப்பில் பொருள் நிலைத்து மொழி மாறுகிறது என்று கொள்வோம். பிஜி_அப்கிரேடு செய்யும் வேலையில் தரவு நிலைத்துப் பதிப்பு மாறுகிறது. ‘பதிப்புப் பெயர்ப்பு’ என்பது இதற்குத் துல்லியமாகப் பொருந்தும் சொல். கருவியைப் ‘பதிப்புப் பெயர்ப்பி’ எனலாம். ‘பதிப்பு’ என்னும் முன்னொட்டு, பிற தரவுத்தளத்திலிருந்து வருவதோ என்னும் மயக்கத்தை நீக்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் மைக்ரேட்டர் என்னும் பெயரைக் கைவிடச் செய்த குறை, தமிழ்த் தொடரில் எழவே இல்லை. திசை உணர்த்தும் ஆற்றல் மட்டும் இதற்கு இல்லை. அக்குறையைப் ‘பதிப்புயர்வு’ என்னும் சொல் நிறைக்கும். ஆகவே பயனர் கேட்கும் நோக்கம் பதிப்புயர்வு, கருவி செய்யும் செயல் பதிப்புப் பெயர்ப்பு என இரண்டையும் வேறுபடுத்தி ஆள்வது தகும். இக்கட்டுரையின் தலைப்பில் ‘பதிப்புயர்வுக் கருவி’ என்றும், உள்ளே ‘பெயர்ப்பு’ என்றும் ஆளப்பட்டது இக்கருத்தினாலேயே.

போஸ்ட்கிரெஸ் மூலநிரலில் ஒரு காலத்தில் சில பகுதிகளின் செய்திகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்புகள் இருந்தன. தொடர்ந்து பேணுவார் இல்லாத மொழிபெயர்ப்பு எந்தத் திறந்த மூலத் திட்டத்திலும் நிலைப்பதில்லை. அம்முயற்சியை மீண்டும் தொடங்குவோர், கட்டளைப் பெயரை மாற்ற இயலாது. பிஜி_அப்கிரேடு என்றே தட்டச்சு செய்ய வேண்டும். ஆனால் அக்கட்டளை திரையில் எழுதும் செய்திகள் அவர்தம் கையில் உள்ளன. ‘லிங்க்’ முறையில் பெயர்த்தபின் புதிய சேவையகத்தைத் தொடங்கிவிட்டால் பழையதை இனிப் பாதுகாப்பாகத் தொடங்க இயலாது என்னும் எச்சரிக்கை அவற்றுள் ஒன்று. ‘மேம்படுத்தல் முடிந்தது’ என்னும் சொற்களுக்குக் கீழே அவ்வெச்சரிக்கை நின்றால் அதனைப் படிப்பவர் சிலரே. ‘தரவு பெயர்க்கப்பட்டது, பழைய இடத்தை இனித் தொடாதீர்’ என்று நின்றால் படிப்பவர் கை சற்றேனும் தயங்கும்.